துப்பாக்கியும் துடைக்கிற துணியும்

வாய்வழியே கரிமருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற நெட்டைத் துப்பாக்கி ஒன்று போட்டிக்கு வந்தது. ஐந்நூறு கெஜம் தள்ளி இலக்குப் பலகை. முதல் இரண்டு குண்டும் அதைத் தொடவே இல்லை.

“இதுவும் தவறினால் உன்னைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுவேன்” என்றார் சுடுகிறவர்.

“எல்லாம் காத்தாலதான்!” என்று அழுதது துப்பாக்கி.

“காத்து இல்ல ராசா, உன் தொண்டையெல்லாம் கரி. என்னை உள்ளே விடு” என்றது பக்கத்தில் கிடந்த, குழல் துடைக்கிற ஈரத்துணி.

“கந்தைக்கு வந்த பேச்சைப் பாரு!” என்றாலும் பயத்தில் வழிவிட்டது. கம்பி நுனியில் உள்ளே போன துணி கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

டமார்! புகை விலகினால், பலகையின் நடுப்பொட்டில் ஓட்டை. கூட்டமே துள்ளியது.

“அடிச்சது நானாக்கும்! நானாக்கும்!” என்று கூவியது துப்பாக்கி.

“நீயேதான் ராசா. அடுத்த சுற்று வருது, வாயைத் திற” என்றது துணி.