சிவக்கும் வளையல்

மகள் இதழினியின் எடை கூடுகிறதே என்று டாக்டரிடம் போன சுகிர்தாவின் கையில்தான் அவர் ஒரு வளையலை மாட்டிவிட்டார். மனம் பதறினால் அது சிவக்கும், அடங்கினால் பச்சையாகும்.

குழந்தைக்குத் தராமல் தனக்கு ஏன் என்று சுகிர்தாவுக்குப் புரியவில்லை. சில நாள் கவனித்தாள். அலுவலக அழைப்பில் வளையல் சிவக்கும்போதெல்லாம், விளையாடக் கிளம்பிய இதழினி செருப்பைக் கழற்றிவிட்டு, மிக்சர் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு நாள் பேசி முடித்ததும் சுகிர்தா கேட்டாள்: "பசிக்குதாடி?"

"இல்லம்மா. நீ செவப்பா இருக்கப்போ எப்படி விட்டுட்டுப் போறது? சும்மா உக்கார முடியல, அதான் திங்கிறேன்."

மறுபடி போன் அடித்தது. சுகிர்தா எடுக்காமல் மகளோடு பூங்காவுக்கு இறங்கினாள்.

"நீ அந்த பெஞ்சுல உக்காரும்மா. எனக்குத் தெரியிற மாதிரி இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு இதழினி ஓடினாள்.