பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

“துணியில தப்பு வந்தா பிரிச்சுத் தைக்கலாம். இது பிரேக்கு. இதுல தப்பு வந்தா அப்புறம் நம்மளத்தான் தைக்கணும்” என்றார் டெய்லர்.

அவர் மனைவி சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அவர் வாங்கி வந்த சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாள். ஒரு பெடல், ஒரு கேபிள், இரண்டு கிளாம்ப், ஒரு பிடி போல்ட்டு நட்டு. டிரைவிங் ஸ்கூல் கார்களில் பக்கத்து இருக்கைக்கு முன்னால் ஒரு பிரேக் இருக்குமே, அதுதான். அதை மிதித்தால் கேபிள் இழுத்து, ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் பிரேக்கும் சேர்ந்து அமுங்கும்.

போன மாதம் ஒருநாள், அந்த மாதிரி பிரேக் நம் காருக்கும் வேண்டும் என்று அவள் திடீரென்று சொன்னாள். டெய்லருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமாகக் கார் சாவியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவளுக்கு ஸ்டியரிங் பிடிக்கும் ஆசை வந்துவிட்டதே! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், அளவு எடுத்துக்கொண்டே, மனைவிக்குத் தானே வண்டி பழக்கப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது இன்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வாத்தியார் மாதிரி நின்றார்.

சாமான் வீட்டுக்கு வரும் வரைக்கும்தான் அந்தத் தோரணை. மெக்கானிக், அடுத்த வாரம்தான் முடியும் என்று கையை விரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையோ மலை மேல் இருக்கும் மாமியாரைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டி வந்தாக வேண்டும். பிரேக் மாட்டாத வண்டியில் ஏறவே மாட்டேன் என்று மனைவி ஒற்றைக் காலில் நின்றாள். போகிற வழியிலேயே கற்றுக்கொள்ளத் துடிக்கிறாள், என்ன அவசரமோ என்று டெய்லர் நினைத்துக்கொண்டார்.

“நீங்களே மாட்டலாம்தான். பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா பிரேக்கு பாருங்க, நல்லா யோசிச்சுக்கங்க” என்று மெக்கானிக் போனில் சொல்லியிருந்தார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் டெய்லரைத் தூங்கவிடவில்லை. ஊசியும் கத்தரியும் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாத கை. கேபிள் சிக்கிக்கொண்டால்? கிளாம்ப் கழன்று, ஓட்டும்போது காலுக்கடியில் உருண்டால்? மலை வளைவும் பள்ளமும் கண்முன்னே வந்து வந்து போயின. வீடியோவில் ஒருவன் சிரித்துக்கொண்டே அதை மாட்டிக் காட்டினான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவருக்குப் பயம் இன்னும் கூடியது.

பேசாமல் பஸ்ஸில் போய்விடலாம் என்றார்.

“கண்ணு தெரியாத அம்மாவ பஸ்ல எப்படிங்க கூட்டிட்டு வர்றது?” என்றாள் மனைவி. “எனக்கும் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் மாட்டுங்க.”

சனிக்கிழமை கடையைத் திறக்காமல் காருக்குள் தலைகீழாக நுழைந்தார். கால் இரண்டும் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தன. மனைவி டார்ச் பிடித்தாள். கிளாம்ப் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. கேபிளை மட்டும் நன்றாக இழுத்து, துளிக்கூடத் தொய்வில்லாமல் முடுக்கினார். உடம்பை ஒட்டிக் கச்சிதமாகத் தைத்தே பேர் வாங்கியவர், தொய்வு என்றாலே அவருக்கு ஆகாது.

சாவியைத் திருகியதும், வண்டிக்குப் பின்னால் நின்ற மனைவி கூப்பிட்டாள். யாரும் மிதிக்காமலே பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இழுத்துக் கட்டிய கேபிள் பிரேக்கை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கிறது என்பது புரிய டெய்லருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இப்படியே மலை ஏறியிருந்தால் பிரேக் சூடேறி, இறங்கும்போது பிடிக்காமலே போயிருக்கும். எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தார். மனைவி அதற்குள் மெக்கானிக்கைப் போனில் பிடித்துவிட்டாள்.

“பேன்ட் தைக்கும்போது மனுசன் உக்கார இடம் விடுவீங்கல்ல? கேபிளுக்கும் அப்படிக் கொஞ்சம் விடுங்க” என்றார் அவர்.

விட்டார். விளக்கு அணைந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் மெக்கானிக்கே வந்து குனிந்து பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், இரண்டு பெடலையும் மாறி மாறி மிதித்துப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை, மெதுவாக ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். டெய்லருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆள் இல்லாத தெருவில் மனைவியை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். அவர் ஓட்டட்டும், தான் மிதித்துப் பார்க்கிறேன் என்றாள். முதல் நாள் கூச்சம் என்று அவரும் விட்டுவிட்டார். வண்டி ஊர்ந்தபோது அவள் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். வண்டி நின்றது. டெய்லரின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்தது. திரும்பவும் போகச் சொல்லி, திரும்பவும் மிதித்தாள். அந்த மாதம் முழுக்க இறுகிக் கிடந்த அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை டெய்லர் முதலில் இறங்கி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். புதுப் பெடல் மேல் காலை வைத்துக்கொண்டார். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் சாவியை ஜன்னல் வழியாக நீட்டினார்.

“மலை ஆரம்பிக்கிற வரைக்கும் நீ ஓட்டு. பயப்படாத, நான் இருக்கேன்.”

அவள் சாவியை வாங்கவில்லை. அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

“நான் எப்பங்க ஓட்டறேன்னு சொன்னேன்? எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க, இது என் சீட்டு. போன தடவ மலை வளைவுல அந்த லாரிய முந்துனீங்களே, அன்னிக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் வெறுந்தரையத்தான் மிதிச்சுக்கிட்டு வந்தேன்.”