அண்ணி தேடிய பேட்டரி

"அண்ணி, உங்களுக்கே இது நல்லா இருக்கா? அங்க வீட்டுல அண்ணன் ஆபரேஷன் வேண்டாம்னு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கார். நீங்க கால்குலேட்டருக்கு பேட்டரி தேடிக் கடை கடையா அலையறீங்க!"

தங்கை பின்னாலேயே ஓடிவந்து பொரிந்தாள். அண்ணி காதில் வாங்கினால்தானே? பையை மார்போடு அணைத்தபடி அடுத்த கடைப் படியேறிவிட்டாள்.

ஆபரேஷன் நாளைக் காலை. நெஞ்சுப் பக்கம் சின்ன வேலைதான். ஆனால் இனியும் தள்ளிப்போட்டால் எந்த நேரமும் மயங்கி விழலாம், விழுந்தால் எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது என டாக்டர் பட்டென்று உடைத்துவிட்டார்.

அண்ணன் மசியவில்லை.

"ஓடினவரைக்கும் ஓடட்டும். இந்தப் பழைய கட்டையை எதுக்குப் பிரிச்சு மாட்டிக்கிட்டு?"

தங்கை அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். அண்ணி மட்டும் மத்தியானம் பரணில் ஏறி எதையோ உருட்டினாள். இறங்கும்போது கையில் அந்தக் கால்குலேட்டர்.

முதல் கடைக்காரர் சிரித்தார். "இதை மியூசியத்துல வைங்கம்மா."

இரண்டாவது கடைக்காரர் புதுசு ஒன்றை நீட்டினார். "வெளிச்சம் பட்டாலே ஓடும். அதைத் தூக்கிப் போடுங்க."

"எனக்கு இதுதான் ஓடணும்" என்றாள் அண்ணி.

மூன்றாவது, மாடியில் ஒரு ஒற்றை அறை. பழைய ரேடியோக்களுக்கு நடுவே ரிப்பேர்காரர் உட்கார்ந்திருந்தார். சாய்ந்த வெயில் மேஜைமேல் விழுந்து, தூசியெல்லாம் பொன்னாக மிதந்தது.

அவர் பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே பேட்டரி கூடு பச்சையாகப் பூத்துப் போயிருந்தது.

"இந்தக் கூடு இப்ப யாரும் செய்யறதில்லையேம்மா."

தங்கைக்குப் பொறுமை போய்விட்டது. "கூட வந்த சார்ஜர் வயர்தான் இருக்கே, நேரா கரண்ட்ல சொருகிட்டா முடிஞ்சது" என்று பிளக்கை எடுத்தாள்.

"ஐயோ, தொடாதீங்க!" அவர் பாய்ந்து பிடுங்கினார். "நடுவுல பேட்டரி இருந்து தாங்காம நேரா கரண்ட் விட்டா உள்ளே அத்தனையும் கருகிடும்!"

அண்ணியின் முகம் வெளுத்துப் போனது. இவ்வளவு பயம் ஆஸ்பத்திரியில்கூட அவள் முகத்தில் தெரியவில்லையே என்று தங்கைக்கு இன்னும் ஆத்திரம்.

அவர் மெல்லிய பிளேடால் கூட்டின் ஒட்டைப் பிளந்து, செத்த செல்களை உருவினார். வினிகரில் தோய்த்த பஞ்சால் பச்சையைத் துடைத்தார். புது செல்களை அதே கூட்டுக்குள் அடுக்கிப் பற்றவைத்தார். ஈயம் உருகி வெள்ளித் துளியாக நின்றது. புகை வெயிலில் நெளிந்து நெளிந்து மேலே போனது.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தங்கைக்குக் கண் சொக்கியது. கோபம்கூட எங்கோ தள்ளிப் போய் நின்றது.

அண்ணனுக்குக் கல்யாணமான புதிது. கட்டட மதிப்பீட்டு வேலையில் சேர்ந்து அவர் வாங்கிய முதல் பொருள் இது. கரண்ட் போன சாயங்காலங்களில் இதைத் தட்டுவார். இருட்டில் சிவப்பு எண்கள் கனிந்து எரியும். அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணி, "நூறு வயசு வரைக்கும் போடறேன் பார்" என்று பெருக்குவார். அவ்வளவு பெரிய எண் கட்டத்துக்குள் கொள்ளாது. எல்லாம் விட்டு விட்டு மினுக்கும். பக்கத்தில் படுத்திருக்கும் குட்டித் தங்கை கைதட்டிச் சிரிப்பாள்.

"ஆச்சும்மா."

தங்கை திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

அண்ணி கேட்டாள். "மத்தபடி உள்ளே பழுது ஏதாவது?"

"ஒரு குறையும் இல்லை. வயர்கூட அப்படியே இருக்கு. பேட்டரிதான் பாவம், போயிடுச்சு."

"இனிமே ஓடுமா?"

"நல்லா ஓடும்."

அதைக் கேட்டதும் அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. ஒரு கால்குலேட்டருக்கு இவ்வளவு அழுகையா என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மசங்கல் நேரம். அண்ணன் அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அண்ணி விளக்கைப் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, அவர் உள்ளங்கையில் அதை வைத்து, பொத்தானைத் தள்ளினாள்.

சிவப்பாக ஒரு பூஜ்யம் எரிந்தது.

அண்ணன் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "இது எப்பவோ செத்துப் போச்சே?"

"சாகலைங்க. மெஷின் நல்லாத்தான் இருந்ததாம். பழைய கூட்டுலயே புது பேட்டரி வெச்சு மூடிட்டார்."

"ரொம்ப நேரம் ஆச்சா?"

"இவ சொக்கி விழுந்து எழுந்திருக்கறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

அண்ணன் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு. அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தார், கொஞ்ச நேரம் உதடு அசைந்தது, பிறகு தட்டினார். எண்கள் கொள்ளாமல் மினுக்கத் தொடங்கின. அந்தச் சிவப்பில் அண்ணியின் கன்னம் ஈரமாகத் தெரிந்தது.

அவர் கை தானாகத் தன் தோளெலும்புக்குக் கீழே போயிற்று. இத்தனை வருஷமாக நெஞ்சை ஓட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பெட்டி அங்கே தோலுக்கடியில் மேடாக இருந்தது. அதைத் தடவியபடி தங்கையைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இதுக்கு பேட்டரி மாத்த நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"