மூன்று விரல்கள்

"குடை, எலுமிச்சை, ரயில். ஞாபகம் வச்சிருங்க ஐயா, கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்" என்றார், தேவசகாயத்தின் ஞாபகசக்தியைச் சோதித்த டாக்டரம்மா. அதற்குள் டாக்டரம்மாவை அவசரப் பிரிவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து மருந்து எழுதிக் கொடுத்தார், கேட்க மறந்துபோனார். வார்த்தைக்கு ஒன்றாக அன்று மடக்கிய மூன்று விரல்களைத் தேவசகாயம் இன்னும் விரிக்கவில்லை. மகன் பெயர் போயிற்று. கழிப்பறைக்குப் போகும் வழி போயிற்று. கட்டிய மனைவி லூர்துமேரி யாரென்பதும் போயிற்று. குளிப்பாட்டும்போதுகூட அவளால் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. நகம் பதிந்து உள்ளங்கை புண்ணாகி நாறியது.

"நீயே கேட்டுத் தொலையேம்மா. சொல்லிட்டா கையை விரிச்சிருவாரு" என்றான் மகன்.

அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவர் முகம் தெளிந்தது.

"வந்துட்டீங்களா டாக்டரம்மா? பத்திரமா வச்சிருக்கேன். கேளுங்க."

லூர்துமேரி நாற்காலியை இன்னும் அருகே நகர்த்தினாள். நாறும் அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் ஐயா" என்றாள். "விட்றாதீங்க."