மூன்று பெயர் எழுதிய பலகை

மில்லை இடித்தாயிற்று. தொழிலாளர் குடியிருப்பில் மிஞ்சியது ஒரே ஒரு பலகை வீடு. அதை மில்லின் நினைவாக வைத்துக்கொள்வதா, இடித்துத் தள்ளிவிடுவதா என்று பார்க்க அன்று காலை ஓர் அதிகாரி அம்மாள் வரப்போகிறாள்.

வீட்டுக்கு உதறல் எடுத்துவிட்டது.

“டேய் ஆணி, காலண்டரை இறுக்கிப் பிடிச்சுக்கோ. பின்னாடி இருக்கிறதை அந்தம்மா பார்த்தா என் மானமே போயிடும்.”

காலண்டருக்குப் பின்னால், கரியால் எழுதிய மூன்று பெயர்கள் இருந்தன. முதல் ஷிப்ட் சவரிமுத்து, இரண்டாம் ஷிப்ட் காசிம், மூன்றாம் ஷிப்ட் முத்திருளன். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனதும் இன்னொருவன் அதே பாயில் வந்து படுப்பான்.

“ஒரே பாயில மூணு பேர் மாறி மாறிப் படுத்த வீடுன்னு தெரிஞ்சா எவ மதிப்பா?”

“அட கூறுகெட்ட வீடே!” என்று ஆணி சீறியது. “மாட்டுச் சந்தையில விலை பேசுற கையைத்தான் துண்டு போட்டு மூடுவாங்க. மாட்டையே மூடுவாங்களா?”

அம்மாள் உள்ளே வந்து சுவரைத் தட்டினாள். செல்லரித்த பலகை பொலபொலவென்று உதிர்ந்தது. உதட்டைப் பிதுக்கியபடி, கதவில் பெருக்கல் குறி போடச் சிவப்புச் சாக்கட்டியை எடுத்தாள்.

“விட்டுடாதடா, பிடி!” என்று வீடு முனகியது.

ஆணி பிடியை விட்டது. காலண்டரோடு அதுவும் கீழே விழுந்தது.

அம்மாள் திரும்பினாள். மூன்று பெயர்களையும் வாய்விட்டுப் படித்தாள். சாக்கட்டியைப் பைக்குள் போட்டாள். பிறகு குனிந்து ஆணியை எடுத்துப் பழைய ஓட்டையிலேயே குத்தினாள். காலண்டரை மட்டும் மாட்டவில்லை.

“டேய்,” என்றது வீடு, நடுக்கம் தீராமல். “கூரை ஒழுகறதையும் பார்த்திருப்பாளோ?”