குளம்புப் பரீட்சை

செபஸ்தியான் தொழுவத்தில் குந்தி உட்கார்ந்து, செவலை மாட்டின் முன்னங்காலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

கங்கவல்லியிலிருந்து தம்மம்பட்டிக்கு, மகள் ரோசிக்காக மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர் அவர். மாப்பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை. குளம்பு சரியாக இருந்தால்தான் மாப்பிள்ளை.

ஏற்கெனவே மூன்று வரன்களை இப்படித்தான் தட்டிக் கழித்திருந்தார். ஒரு வீட்டில் குளம்பு கோணல். ஒரு வீட்டில் லாடம் தேய்ந்து ஆணி ஆடியது. மூன்றாவது வீட்டுக்காரர் ஆடு மட்டும் வளர்த்தார். அங்கே காபிகூடக் குடிக்கவில்லை.

மாப்பிள்ளை அற்புதராஜ் கதவுக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டிருந்தான். கோயில் திருவிழாவில் பார்த்ததிலிருந்து அவனுக்கு ரோசியைத் தவிர வேறு நினைப்பில்லை. ரோசிக்கும் அப்படித்தான். ஆனால் அதையெல்லாம் குளம்பில் பார்க்க முடியாது.

செபஸ்தியான் பிரசங்கத்தைத் தொடங்கினார். விரிகுளம்பு என்றார், கூர்குளம்பு என்றார், தட்டைக்குளம்பு என்றார். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, மாட்டுக்குப் பிளவு, ஆகவே காலுக்கு இரண்டு லாடம் என்று, ஐந்தாண்டுத் திட்டத்தை விளக்கும் அதிகாரியின் தோரணையில் சொன்னார். பெயர்களில் பாதி அங்கேயே பிறந்தவை.

மாப்பிள்ளையின் அப்பா உபகாரசாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி அன்னாள் அவர் காலை அழுத்தி மிதித்தாள்.

செபஸ்தியானின் மனைவி தெரசம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

மாடு செபஸ்தியானின் காதை நக்கியது. நல்ல மாட்டுக்கு ஆளைத் தெரியும் என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தார்.

இரண்டு மாடுகளின் எட்டுக் கால் குளம்புகளையும் பார்த்து முடித்து எழுந்தார்.

"இப்படிக் குளம்பு வெச்சிருக்கிற மனுசன் வீட்டுல பொண்ணு குடுக்க யோசிக்கவே வேணாங்க."

கோழிக் குழம்போடு சாப்பாடு நடந்தது. தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம், அடுத்த ஞாயிறே கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசிப்பது என்று முடிவாயிற்று. வெற்றிலை மாற்றினார்கள். செபஸ்தியான் வண்டியைப் பூட்டச் சொன்னார்.

அவருடைய வண்டிக்காரன் சென்றாயன் தொழுவத்துக்குள் போய், அந்த இரண்டு மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

வந்த விருந்தாளியின் மாடுகளைத் தங்கள் தொழுவத்தில் கட்டித் தீனி போடுவது அந்தப் பக்கத்து மரியாதை. உபகாரசாமியின் மாடுகள் விடிந்ததிலிருந்தே சோளக்கொல்லைக்கு அப்பால், வெடித்த குளம்புகளோடு மறைந்து நின்றன.

கூண்டு வண்டிக்குள் திண்டில் சாய்ந்தே ஊர் சுற்றும் செபஸ்தியான், தன் மாடுகளை வாங்கிய நாள் முதல் குனிந்து பார்த்ததில்லை. அடுத்தவர் மாடு என்றால்தான் அவருக்குக் குனிய வரும்.

இப்போது பார்த்தார். முதலில் குளம்புகளை. பிறகு மாடுகளின் முகங்களை.

கதவுக்குப் பின்னால் அற்புதராஜ் கண்ணை மூடிக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டான். ஆனால் செபஸ்தியான் இனி எந்தக் குறை சொன்னாலும் அது சொந்த மாட்டின் குறை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உங்க தீனி நல்ல தீனி, சம்பந்தி. ஒரு வேளைக்கே குளம்பு எப்படித் தேறியிருக்கு பாருங்க."

வண்டி தெரு முனை திரும்பும்வரை கூண்டு குலுங்கிக்கொண்டே போனது. பாதை மேல் குற்றமில்லை. உள்ளே தெரசம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.