பூத்தது யாரால்?

"வாழைப்பழத் தோலை ஜன்னல்லயே போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வீடெல்லாம் பொடி ஈ பறக்குது!"

மனைவியின் அர்ச்சனையைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கணவர் பேப்பரைப் புரட்டினார்.

அன்று அவள் தங்கை வந்திருந்தாள். கல்லூரியில் தாவரவியல் நடத்துபவள். அக்கா அவளை ஜன்னலோரத் தொட்டிக்கு இழுத்துப் போனாள்.

"பாருடி, சாகக் கிடந்த செடி ஊதாவா பூத்திருக்கு! தினமும் அதுகிட்ட அன்பா பேசினேன்ல?"

தங்கை இலையைத் தொட்டாள். பிசுபிசுவென்று ஒட்டிய இலை முழுக்கச் செத்த ஈக்கள்.

"பேச்சாவது மண்ணாவது! இது பூச்சி தின்னுற செடி, அக்கா. பட்டினியில கிடந்திருக்கு. மாமாதான் ஈ வளர்த்துக் காப்பாத்தியிருக்கார்!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவாங்க செஞ்சீங்க?"

"பின்னே? உனக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?" என்றார், இதுநாள்வரை அதைப் பிளாஸ்டிக் செடி என்றே நினைத்திருந்த கணவர்.